புண் ஆறிவிடும், சந்தேகம் ஆறாது



இன்று நாம் பேசப் போகும் விஷயத்தை நம் வீடுகளில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. கணவன் மனைவியிடம் சொல்வதில்லை. மகள் தாயிடம் சொல்வதில்லை. சிலர் மருத்துவரின் முன்னால் உட்கார்ந்த பிறகும் "கொஞ்சம் காய்ச்சல், டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் நேரடியாகவே தொடங்குகிறேன். பிறப்புறுப்பில் கொப்புளமோ புண்ணோ வந்தால் அது என்னவாக இருக்கலாம், அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கே போவது, எப்போது போவது என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்தப் பினாங்கில் ஒருவருக்கு அப்படி ஒரு புண் வந்தால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? முதல் நாள் "உடம்புச் சூடு" என்று இளநீர் குடிக்கிறார். இரண்டாம் நாள் மருந்துக் கடைக்குப் போய், எங்கே புண் என்று சொல்லாமல், "அரிப்புக்கு ஒரு கிரீம் கொடுங்கள்" என்று வாங்கி வருகிறார். மூன்றாம் நாள் வீட்டில் மிச்சமிருக்கும் ஏதாவது ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரையை விழுங்குகிறார். பத்துப் பன்னிரண்டு நாளில் புண் ஆறிவிடுகிறது. "பார்த்தாயா, மருந்து கேட்டுவிட்டது" என்று நிம்மதி அடைகிறார். உண்மையில் மருந்து கேட்கவில்லை. புண் தானாகவே ஆறியது. நோய் என்னவென்று கண்டுபிடிப்பதற்கு இருந்த நல்ல வாய்ப்புதான் கைநழுவிப் போனது.

இது என்ன நோய்?

பிறப்புறுப்பில் கொப்புளமும் புண்ணும் உண்டாக்கும் காரணங்களில் முக்கியமான ஒன்று ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸ் தொற்று. நம்மவர்கள் அக்கி என்று சொல்லும் நோயை உண்டாக்கும் வைரசும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அக்கி என்பது சின்னம்மை வைரஸ் பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப எழும்புவதால் வருவது. நாம் இப்போது பேசும் ஹெர்ப்பிஸ் வேறு வைரஸ்; அதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை பெரும்பாலும் உதட்டில் வரும். காய்ச்சல் விட்ட பிறகு உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வருகிறதே, அதுதான். சிறு வயதில் முத்தம், எச்சில் வழியாகவே பலருக்கு இது தொற்றிவிடுகிறது. இரண்டாம் வகை பெரும்பாலும் பாலுறவு வழியாகப் பரவிப் பிறப்புறுப்பில் வரும். ஆனால் வாய்வழி உறவின் மூலம் முதல் வகையும் பிறப்புறுப்புக்குப் போகலாம். உதட்டில் புண் இருப்பவரிடமிருந்து அவருடைய துணைக்கு அப்படித்தான் தொற்றுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேருக்கு முதல் வகைத் தொற்று இருந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகை இருந்தது. ஆக, இது எங்கோ ஒரு மூலையில் "கெட்டுப்போனவர்களுக்கு" மட்டும் வரும் நோய் அல்ல. ஒழுங்காகக் குடும்பம் நடத்துபவர்களுக்கும் வரும். வந்திருப்பதே தெரியாமலும் இருக்கும். அமெரிக்காவில் இரத்தப் பரிசோதனையில் இரண்டாம் வகை இருப்பதாகத் தெரிந்தவர்களிடம் விசாரித்தபோது, நூற்றுக்கு 87 பேர் தங்களுக்கு இந்த நோய் இருப்பதாக எந்த மருத்துவரும் சொன்னதில்லை என்றார்கள்.

அறிகுறிகள் எப்படி இருக்கும்?

தொற்று ஏற்பட்ட 2 நாள் முதல் 12 நாளுக்குள் முதல் தடவை அறிகுறி தெரியலாம். முதலில் அந்த இடத்தில் எரிச்சல், அரிப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு. பிறகு சிவந்த தோலின் மேல் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் கொத்தாக வரும். ஓரிரு நாளில் அவை உடைந்து, ஆழமில்லாத, ஆனால் தொட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் புண்ணாகும். பின்பு பொருக்குத் தட்டி ஆறும். முதல் தடவை வரும்போது முழுவதும் ஆற 2 முதல் 4 வாரம் ஆகலாம்.

ஆண்களுக்கு ஆண்குறியின் நுனி, தண்டு, விதைப்பையிலும், பெண்களுக்குப் பிறப்புறுப்பின் வெளி இதழ்கள், உள்பகுதி, கருப்பை வாயிலும் வரலாம். தொடை, பிட்டம், ஆசனவாய்ப் பகுதியிலும் வரலாம். புண் உள்ளே இருந்தால் பெண்களுக்கு வெள்ளைப்படுதலும் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் மட்டுமே தெரியும். "நீர்க்கடுப்பு" என்று பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். முதல் தடவையில் காய்ச்சல், தலைவலி, உடல் வலி, தொடை இடுக்கில் நெறி கட்டுதல் ஆகியவையும் சேர்ந்து வரலாம். நம் ஊரில் காய்ச்சலும் உடல் வலியும் என்றால் உடனே டிங்கியைத்தான் நினைப்போம். டிங்கிக்குச் சோதனை செய்வது சரிதான். ஆனால் புண்ணைப் பற்றிச் சொல்லாவிட்டால் மருத்துவர் அதை எப்படி அறிவார்?

புண் ஆறிய பின் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பின் அடிப்பகுதியை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்த் தூங்குகிறது. உடல் சோர்வு, வேறு காய்ச்சல், மாதவிலக்கு, மன உளைச்சல் போன்ற நேரங்களில் விழித்து, நரம்பு வழியே மீண்டும் தோலுக்கு வருகிறது. திரும்ப வரும்போது வேகம் குறைவு. நாலைந்து கொப்புளம், ஒரு வாரத்தில் ஆறிவிடும். வருவதற்கு ஒரு நாள் முன்பே பிட்டத்திலோ காலிலோ சுரீர் என்ற வலி சிலருக்குத் தெரியும்.

பலருக்கு இப்படிப் பாடப்புத்தகத்தில் எழுதியது போல வருவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. தோலில் ஒரு சிறு வெடிப்பு, நகம் பட்ட மாதிரி ஒரு கீறல், ஒரே இடத்தில் அடிக்கடி வரும் சிவப்பு, இவ்வளவுதான் தெரியும். "ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வந்தால் அதைக் காட்டத்தான் வேண்டும்.

அக்கி எழுதினால் போகுமா?

அக்கி வந்தால் காவி மண்ணைக் குழைத்து எழுதும் வழக்கம் நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டு வந்தது. எழுதியதும் ஆறியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆறியது உண்மை. ஆனால் எழுதாவிட்டாலும் ஆறியிருக்கும். தானாக ஆறும் நோய்க்கு எந்த மருந்து கொடுத்தாலும் அந்த மருந்துக்கே பேர் வந்துவிடும். பிறப்புறுப்புப் புண்ணின் மேல் மண், மஞ்சள், சுண்ணாம்பு, டெட்டால் எதையும் போடாதீர்கள். புண் இன்னும் வெந்துபோகும்; வேறு கிருமியும் சேரும்; மருத்துவர் பார்க்கும்போது புண்ணின் உண்மையான தோற்றமும் மறைந்துபோயிருக்கும். கடையில் வாங்கும் ஸ்டீராய்டு கிரீமும் அப்படித்தான்.

எல்லாப் புண்ணும் ஹெர்ப்பிஸ் அல்ல

இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, "எனக்கு ஹெர்ப்பிஸ்தான்" என்று நீங்களே முடிவு கட்டிவிடக் கூடாது. அதே இடத்தில் புண் உண்டாக்கும் வேறு காரணங்கள் பல உண்டு.

முதலாவது, சிபிலிஸ் என்னும் மேகப்புண். இது பெரும்பாலும் ஒற்றைப் புண்ணாக, அடிப்பாகம் கெட்டியாக, வலியே இல்லாமல் வரும். வலி இல்லாததால் யாரும் கவலைப்படுவதில்லை. சில வாரங்களில் தானே ஆறியும் விடும். ஆனால் கிருமி உடலுக்குள் பரவி, ஆண்டுகள் கழித்து இருதயத்தையும் மூளையையும் தாக்கலாம். பென்சிலின் ஊசியால் முழுமையாகக் குணமாக்கக்கூடிய நோய் இது. இதை ஹெர்ப்பிஸ் என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டால் எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, மருந்து ஒவ்வாமை. சிலருக்கு ஒரு குறிப்பிட்ட வலி மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ சாப்பிடும் ஒவ்வொரு முறையும் ஆண்குறியில் அதே இடத்தில் கருஞ்சிவப்புத் தழும்பும் புண்ணும் வரும். அது தொற்று நோயே அல்ல. அந்த மாத்திரையை நிறுத்தினால் போதும். ஆனால் அதற்குள் வீட்டில் எத்தனை சண்டை நடந்திருக்கும்!

மூன்றாவது, சொறிசிரங்கு, காளான் தொற்று, சவரம் செய்ததால் வரும் மயிர்க்கால் கட்டி, சோப்பு ஒவ்வாமை போன்றவை. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காளான் தொற்று அடிக்கடி வந்து தோல் வெடிக்கும். நம் சமூகத்தில் இனிப்பு நீர் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இவற்றையெல்லாம் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிப்பது அனுபவமுள்ள மருத்துவருக்கும் சில நேரம் கடினம். அதனால்தான் பரிசோதனை வேண்டும் என்கிறோம்.

சரியான பரிசோதனை எது?

புண் புதிதாக இருக்கும்போதே போய்விடுங்கள். கொப்புளம் வந்த முதல் ஓரிரு நாள்தான் மிக நல்ல நேரம். மருத்துவர் கொப்புளத்தின் நீரை அல்லது புண்ணின் அடிப்பகுதியை ஒரு பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். பிசிஆர் என்னும் முறையில் வைரசின் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே முறைதான். இன்றைக்கு ஹெர்ப்பிஸுக்கு மிக நம்பகமான சோதனை இது. முதல் வகையா இரண்டாம் வகையா என்றும் சொல்லிவிடும். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் பிறப்புறுப்பில் வரும் முதல் வகை, இரண்டாம் வகையைப் போல அடிக்கடி திரும்ப வருவதில்லை.

பொருக்குத் தட்டிய பிறகு போனால் வைரஸ் கிடைக்காமல் "இல்லை" என்று முடிவு வரலாம். அந்த "இல்லை" என்ற முடிவை வைத்து நோயே இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த முறை வரும்போது உடனே வரச் சொல்வார்கள். அவசியம் போக வேண்டும்.

"இரத்தம் கொடுத்துச் சோதித்தால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். இரத்தப் பரிசோதனை வைரசைத் தேடுவதில்லை. அதற்கு எதிராக நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அந்த எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாக 12 வாரம் வரை ஆகலாம். ஆகவே போன வாரம் வந்த தொற்று இதில் தெரியாது. முதல் வகைக்கு "இருக்கிறது" என்று வந்தால், சிறு வயதில் உதட்டில் வந்ததா, பிறப்புறுப்பில் வந்ததா என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. இரண்டாம் வகைக்கு மிகக் குறைந்த அளவில் "இருக்கிறது" என்று வந்தால், அது தவறான முடிவாகவும் இருக்கலாம்; மறுபடி உறுதி செய்யாமல் நம்பக் கூடாது. ஐஜிஎம் என்ற சோதனையை இந்த நோய்க்கு நம்ப வேண்டாம். ஐஜிஜி என்னும், வகை பிரித்துச் சொல்லும் சோதனைதான் ஓரளவு உதவும்.

இதனால்தான், அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குச் சும்மா இரத்தம் எடுத்து ஹெர்ப்பிஸ் சோதனை செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016இல் சொன்னது. 2023இல் அதையே மீண்டும் உறுதிப்படுத்தியது. "முழு உடல் பரிசோதனை" என்று கட்டாகக் கட்டி விற்கும் சோதனைகளில் இதுவும் சேர்ந்திருந்தால், தேவையில்லாத பயத்துக்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். புண் எதுவாக இருந்தாலும் சிபிலிசுக்கும் எச்ஐவிக்கும் சேர்த்து இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இரண்டாம் வகை ஹெர்ப்பிஸ் இருப்பவருக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பினாங்கில் எங்கே போவது?

கிளினிக் கெசிஹாத்தான் என்று நாம் சொல்லும் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலிருந்தே தொடங்கலாம். மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து தேவைப்பட்டால் கடிதம் கொடுத்து ரெசிடென்சி சாலையில் இருக்கும் பினாங்கு பொது மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நம் நாட்டில் பால்வினை நோய்களைத் தோல் நோய் நிபுணர்கள்தான் கவனிக்கிறார்கள். ஆகவே தோல் நோய்ப் பிரிவு என்று கடிதத்தில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வசதி உள்ளவர்கள் தனியார் கிளினிக்குக்கும் போகலாம். ஆனால் பஞ்சுக்குச்சியில் எடுத்து அனுப்பும் பிசிஆர் வசதி உண்டா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்; அங்கே இல்லையென்றால் நாள் கடந்து புண் ஆறிவிடும்.

மருத்துவர் தமிழர் இல்லையென்றால் எப்படிச் சொல்வது என்று தயங்குபவர்கள் உண்டு. "லுக்கா டி கெமாலுவான்" என்று மலாயில் சொன்னால் போதும். பிறப்புறுப்பில் புண் என்று அர்த்தம். பெண்கள் "டொக்டர் பெரெம்புவான்" வேண்டும் என்று கேட்கலாம், அதில் தவறில்லை.

போகும்போது நான்கு விவரங்களை எழுதி எடுத்துப் போங்கள்: புண் வந்த தேதி, முன்பு எப்போதாவது வந்ததா, கடந்த இரண்டு வாரத்தில் சாப்பிட்ட மாத்திரைகள், பெண்களானால் கடைசி மாதவிலக்குத் தேதி. உடனே போக முடியாவிட்டால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் சோதனைக்கு ஈடாகாது. ஆனாலும் மருத்துவருக்கு உதவும்.

"பெயர் வெளியே தெரியுமா?" என்று அஞ்ச வேண்டாம். நீங்கள் சொல்வதை இரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. 1988ஆம் ஆண்டின் தொற்று நோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சிபிலிஸ், எச்ஐவி போன்றவை உண்டு. பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் அதில் இல்லை. அறிவிக்கப்படும் நோய்களிலும் விவரம் சுகாதார இலாகாவுக்குத்தான் போகும்; அக்கம்பக்கத்துக்குப் போகாது.

இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. 1870இல் பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களில் ஆங்கிலேயர் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். பால்வினை நோயைத் தடுப்பதாகச் சொல்லி, விலைமாதர்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் கண்டால் தனி மருத்துவமனையில் அடைத்து வைத்தார்கள். அவர்களிடம் போய் வந்த ஆண்களை யாரும் சோதிக்கவில்லை. 1880களின் இறுதியில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் "இந்த நோய்க்கு மருத்துவமனை போனால் அவமானம், பழி பெண்ணுக்கு" என்ற எண்ணம் மட்டும் இன்னும் நீங்கவில்லை.

"யாரிடமிருந்து வந்தது?"

மருத்துவரின் அறையில் முடிவைக் கேட்டதும் முதலில் வரும் கேள்வி இதுதான். பல குடும்பங்கள் உடைவதும் இந்தக் கேள்வியில்தான். ஆகவே இதைக் கவனமாகக் கேளுங்கள்.

தொற்று வந்து பல ஆண்டுகள் கழித்தும் முதல் புண் தெரியலாம். திருமணத்துக்கு முன்பே வந்து, தூங்கிக் கிடந்து, இரண்டு பிள்ளை பெற்ற பிறகு வெளியே வரலாம். தனக்கு இருப்பது தெரியாத ஒருவரிடமிருந்தும், புண்ணே இல்லாத நாளிலும், இது பரவலாம். உதட்டுப் புண்ணிலிருந்தும் வரலாம். ஆகவே இன்று புண் தெரிந்தது என்பதை மட்டும் வைத்து, நேற்று ஒருவர் துரோகம் செய்தார் என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. இந்த உண்மை தெரியாமல் மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதும், கணவனைச் சந்தேகித்தே ஆண்டுகளைக் கழிப்பதும் எவ்வளவு பெரிய அநியாயம்! சந்தேகப்படுவதற்கு முன்னால் இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பாருங்கள். அவர் சொல்லும் விளக்கத்தை இருவரும் ஒரே நேரத்தில் கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

கழிவறை இருக்கை, நீச்சல் குளம், துண்டு, பாத்திரம் வழியாகவும் வந்திருக்குமோ என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் பரவுவதில்லை. தோலும் தோலும் நேரடியாக உரசும்போதுதான் பரவுகிறது.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு

கர்ப்பிணிகளின் பிங்க் புத்தகத்தில் சிபிலிஸ், எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி சோதனைகள் எழுதப்பட்டிருக்கும். ஹெர்ப்பிஸ் அந்த வழக்கமான சோதனைகளில் இல்லை. "எல்லாச் சோதனையும் செய்துவிட்டார்கள்" என்று இருந்துவிடாமல், புண் வந்தால் நீங்களாகவே சொல்ல வேண்டும். கர்ப்பத்துக்கு முன்பே இந்த நோய் இருந்த தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்குப் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. கடைசி மூன்று மாதத்தில் புதிதாகத் தொற்றினால்தான் ஆபத்து அதிகம். பச்சிளம் குழந்தைக்கு இது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நோயாக மாறலாம். முன்கூட்டியே சொன்னால் கடைசி வாரங்களில் மருந்து கொடுப்பார்கள். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் அறுவைச் சிகிச்சை செய்து குழந்தையைக் காப்பார்கள். உதட்டில் புண் இருக்கும் பாட்டியோ அத்தையோ பச்சைக் குழந்தையை முத்தமிடாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

மருந்து உண்டா?

வைரசை உடலிலிருந்து அடியோடு விரட்டும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் புண்ணின் வேகத்தையும் நாட்களையும் குறைக்கும். புண் தொடங்கிய 3 நாளுக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன் தரும். அடிக்கடி வருபவர்களுக்குத் தினமும் சாப்பிடும் முறையும் உண்டு. அது துணைக்குப் பரவுவதையும் குறைக்கிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுவதுமாக நீக்காது. புண் இருக்கும்போதும், வரப் போகிறது என்று தெரியும்போதும், உறவைத் தவிர்ப்பதே நல்லது.

சிறுநீர் கழிக்கவே முடியாமல் போனாலும், கடும் தலைவலியோடு கழுத்து விறைத்தாலும், கண் சிவந்து வலித்தாலும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதல் தடவையாகப் புண் வந்தாலும் கிளினிக்கில் காத்திருக்காதீர்கள். நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அன்பர்களே, உதட்டில் கொப்புளம் வந்தால் அலுவலகத்துக்குப் போகிறோம். பார்த்தவர்களிடம் "காய்ச்சல் புண்" என்று சொல்லிவிடுகிறோம். அதே வைரஸ், அல்லது அதன் தம்பி, ஒரு முழம் கீழே வந்துவிட்டால் உலகமே முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். அங்கே வந்தாலும் அது தோல் புண்தான். அதைக் காட்டுங்கள், குச்சியில் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், சிபிலிசையும் எச்ஐவியையும் சேர்த்துப் பாருங்கள், முடிவு கையில் வந்த பிறகு பேசுங்கள். எது என்று தெரிந்த நோயோடு மனிதன் நன்றாக வாழ முடியும். தெரியாத நோயின் பயத்தோடு வாழ்வதுதான் கடினம்.